செய்முறை, சோதனை, ஆய்வு: பள்ளி அறிவியல் குறித்துச் சில சந்தேகங்கள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. நான் அறிவியல்காரன் அல்ல. பிளஸ் டூ வரைக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று சுற்றிவிட்டு, மதிப்பெண் போதாமல் தமிழ் இலக்கியத்திற்குள் வந்து விழுந்தவன். எம்.ஏ. வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் பலருடைய கதையும் இதுதான். பள்ளி அறிவியல் பற்றிப் பேச இது ஒரு தகுதியா என்று கேட்டால், முறம் புடைத்து வெளியே தள்ளிய பதர்களில் ஒருவன் என்கிற தகுதிதான். இங்கே அறிவியல் கல்வி பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முறத்தில் தங்கியவர்கள். அவர்களுக்கு அது கொடுத்தது தெரியும்.

2004இல் பதினோராம் வகுப்பு. தனி ஊசல் சோதனை. நூலில் கட்டிய பித்தளைக் குண்டை ஆடவிட்டு, இருபது அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்த்து, அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட வேண்டும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றி ஐந்து தடவை எடுத்தேன். 9.8 வர வேண்டும். எனக்கு 10.8 வந்தது. ஒரு தடவை 10.9. ஒரு தடவை 10.75. எந்த நீளத்திற்கும் 9.8 பக்கமே வரவில்லை. ஆனால் ஐந்தும் ஒன்றை ஒன்று ஒட்டியே நின்றன. நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, அறுபது பேருக்கு ஒரே ஆய்வகத்தை வைத்துக்கொண்டு மாரடித்தவர். பார்த்துவிட்டுச் சிரித்தார். "பூமி உன்னைய மட்டும் ஜாஸ்தியா இழுக்குதாடா? அழிச்சிட்டு 9.8 வர்ற மாதிரி போட்டுட்டு வா."

போட்டுக்கொண்டு போனேன். விடையிலிருந்து பின்னோக்கி நடந்து நேரத்தைக் கண்டுபிடிப்பது. எல்லாவற்றுக்கும் சரியாக 9.8 வந்தால் சந்தேகம் வருமென்று ஒன்றுக்கு 9.76, ஒன்றுக்கு 9.83 என்று கலந்து போட்டேன். நான் எழுதிய முதல் புனைவு அதுதான். யதார்த்தவாதப் புனைவு. 'நன்று' என்று சிவப்பு மையில் விமர்சனமும் கிடைத்தது.

இதைத் தனிப்பட்ட பள்ளியின் குறையாகச் சொல்லவில்லை. வாசிக்கிற நண்பர்களில் பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தவர்கள் தங்கள் ரெகார்டு நோட்டை நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே தெரிந்த விடையைத் திரும்பக் கண்டுபிடிக்கச் சொல்வதே அபத்தம் என்று சிலர் வாதிடுவதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. தெரிந்த விடை இருப்பதால்தான் கை எங்கே பிசகியது என்று பார்க்க முடியும். தராசைச் சரிபார்க்கப் படிக்கல் வேண்டும். கேள்வி வேறு: 9.8க்கும் 10.8க்கும் இடையே இருக்கிற அந்த ஒன்றை என்ன செய்வது? ஐந்து தடவையும் ஒரே பக்கமாக, ஒரே அளவில் பிசகுகிறது என்றால் அது கைநடுக்கம் இல்லை, ஏதோ ஒரு காரணம் அங்கே உட்கார்ந்திருக்கிறது. அறிவியல் என்று எதையாவது அந்த அறையில் செய்திருக்க முடியுமென்றால், அது அந்தக் காரணத்தைத் தேடுவதாகத்தான் இருந்திருக்கும். அங்கேதான் ரப்பர் கொடுத்து அனுப்பினார்கள்.

*

தமிழ் படித்தவனுக்குச் சொற்களின் மீது ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். பள்ளியில் இந்தக் காரியத்திற்குப் பெயர் 'செய்முறை'. செய்முறைப் பயிற்சி, செய்முறைத் தேர்வு. வாரப் பத்திரிகைகளின் சமையல் குறிப்பிலும் இதே சொல்தான்: தேவையான பொருட்கள், செய்முறை. ரெகார்டு நோட்டைத் திறந்தால் நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு. சமையல் குறிப்பாவது 'உப்பு தேவைக்கேற்ப' என்று செய்கிறவளின் நாக்குக்குக் கொஞ்சம் இடம் விடுகிறது. ரெகார்டு நோட்டில் உப்பும் அளந்துதான்.

மதுரைப் பக்கம் 'செய்முறை' என்றால் வேறொன்று. காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் மாமன் செய்வது, உறவுக்காரர்கள் செய்வது, நோட்டில் எழுதிவைத்துத் திருப்பிச் செய்வது. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் இந்த இரண்டாம் அர்த்தமே கூடுதலாகப் பொருந்தியது. அன்று ஒரு பாடத்திற்கு இருநூறு மதிப்பெண், அதில் ஐம்பது செய்முறைக்கு. வெளிப் பள்ளியிலிருந்து வரும் 'எக்ஸ்டர்னல்' சாருக்குப் பிரியாணிக்கும் இதர வகைக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று நாங்கள் படித்த இடத்தில் வசூல் நடந்தது. அவர் செய்ததை எங்கள் சார் அவருடைய பள்ளிக்குப் போய்த் திருப்பிச் செய்தார். உப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையில் லேப் அண்ணன் கண்ணைக் காட்டுவார். ஒரு தடவை இருமினால் குளோரைடு, இரண்டு தடவை இருமினால் நைட்ரேட். இப்போது பாடத்திற்கு நூறு மதிப்பெண்ணாகக் குறைத்துவிட்டார்கள், செய்முறைக்கு முப்பது. இருமலும் அந்த விகிதத்தில் குறைந்திருக்கும் என்று நம்புவோம்.

'சோதனை' என்ற சொல்லும் சாதாரணமானதல்ல. பேச்சுத் தமிழில் அது கடவுள் கொடுக்கிற கஷ்டம், அல்லது போலீஸ் செய்வது. 'ஆய்வு' இன்னும் விசேஷம். பல்கலைக்கழகத்தில் அது அறிவுத் தேடல். பள்ளிக்கூடத்தில் 'நாளைக்கு ஆய்வு' என்றால் அதிகாரி வருகிறார் என்று பொருள். அன்று ஆய்வகத்தின் பூட்டு திறக்கும், தூசி தட்டப்படும், குடுவைகள் வரிசையாக நிற்கும். ஆய்வு முடிந்ததும் ஆய்வகம் பூட்டப்படும். அறிவு/அதிகாரம் என்று ஃபூக்கோ சாய்கோடு போட்டு எழுதியதை நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒரே சொல்லில் முடித்துவிட்டது.

*

இதுவரை சொன்னதைப் புலம்பலாக எடுத்துக்கொண்டு 'ஆய்வகம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், நிதி வேண்டும்' என்று ஒரு தீர்மானம் போட்டு முடித்துவிடலாம். வேண்டும்தான். ஆனால் பாடத்திற்கு உள்ளேயே இருக்கிற சிக்கலுக்கு நிதி மட்டும் போதாது என்பது எனக்கு வேறொரு இடத்தில் உறைத்தது.

சில ஆண்டுகளாக நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ராத்திரி வகுப்பு நடத்துகிறோம். நான் தமிழும், ஆள் வராத நாட்களில் மற்றதும். ஒருநாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அறிவியல் நோட்ஸைக் கொண்டுவந்து நீட்டினாள். வேலை என்பது விசையையும் விசையின் திசையில் ஏற்பட்ட இடப்பெயர்ச்சியையும் பெருக்கி வருவது. தலையில் சுமையோடு சமதளத்தில் நடக்கும் ஒருவர் அந்தச் சுமையின் மீது செய்யும் வேலை சுழி. அவளுடைய அப்பா காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "விடியக்காலம் மூணு மணிக்குப் போறாரு சார். அப்ப அவரு பண்றது சுழியா?" கோபமாகவெல்லாம் கேட்கவில்லை. பரீட்சையில் அப்படித்தான் எழுத வேண்டுமா என்று உறுதிசெய்துகொள்ளக் கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரியில் இயற்பியல் நடத்தும் நண்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். மூட்டையைத் தரையிலிருந்து தலைக்கு ஏற்றும்போது அவர் செய்வது வேலைதான், இயற்பியல் கணக்கிலும். ஏற்றிய பிறகு சமதளத்தில் நடக்கையில் அவர் மூட்டையை மேல்நோக்கித் தாங்குகிறார், மூட்டையோ பக்கவாட்டில் நகர்கிறது. மேல்நோக்கிய அந்த விசையால் மூட்டைக்குப் புதிதாக எந்த ஆற்றலும் சேரவில்லை. ஒரு மேஜையும் அதே மூட்டையை நாள் முழுக்கத் தாங்கும், அதற்கு எதுவும் செலவில்லை. ஆனால் தசை மேஜை மாதிரி அல்ல. அசையாமல் தாங்கிக்கொண்டிருக்கையிலும் அதன் இழைகள் மாறி மாறி இழுத்து, விட்டு, இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் உடம்பின் எரிபொருளைச் செலவழித்துக்கொண்டே இருக்கின்றன. அது வெப்பமாக, வேர்வையாக வெளியேறுகிறது. நடக்கும்போது உடம்பு ஒவ்வொரு அடிக்கும் எழுந்து தாழ்வதும் உண்டு. ஆக, மண்டித் தொழிலாளி செலவழிக்கிற ஆற்றல் சுழி அல்ல. மூட்டைக்குப் போய்ச் சேர்ந்த ஆற்றல்தான் சுழி.

அப்படியானால் 'வேலை' என்ற சொல் ஏன் மூட்டையின் பக்கம் நின்று கணக்குப் பார்க்கிறது? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, பாடநூலில்தான் இல்லை. இயந்திரவியலில் இந்தப் பொருளில் 'வேலை' என்ற சொல்லை நிலைநிறுத்தியவர் பிரான்ஸின் கொரியோலி, 1829இல் இயந்திரங்களின் பயனைக் கணக்கிடுவது பற்றி எழுதிய நூலில். நீர்ச்சக்கரமும் நீராவி எந்திரமும் குதிரையும் மனிதனும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்தப்பட்ட காலம். மின்சாரத்தில் விதி சொன்னவராக நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற கூலோம், அதற்கு முன்பே, ஒரு மனிதனிடமிருந்து ஒரு நாளில் அதிகபட்சம் எவ்வளவு வேலை பெற முடியும் என்று சுமை சுமப்பவர்களை வைத்துக் கணக்கிட்டு ஓர் ஆய்வுரை எழுதினார். ஜேம்ஸ் வாட் தன் எந்திரத்தை விற்பதற்காகக் குதிரைத்திறன் என்ற அளவைக் கொண்டுவந்தார். எல்லாமே வாங்குகிறவனின் கேள்விகள்: கூலிக்கும் தீவனத்துக்கும் கரிக்கும் பதிலாகச் சரக்கு எவ்வளவு மேலே ஏறியது? தாங்கிக்கொண்டு நின்றவனின் தோள்வலி அந்தக் கணக்குக்குள் வர வேண்டிய அவசியமில்லை.

இதனால் இயற்பியல் பொய் என்றாகிவிடாது. அந்த வரையறை அற்புதமாக வேலை செய்கிறது, ஆற்றல் அழிவின்மை என்கிற பெரிய விஷயம் அதன் மேல்தான் நிற்கிறது. ஆனால் ஒரு சொல்லை ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு, அதன் பாதிப் பொருளை வெட்டிவிட்டு, வெட்டிய சேதியைச் சொல்லாமல் ஊர்ப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுக்கிறபோது, அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது இரண்டு. வேலைக்கான சூத்திரம் ஒன்று. தன் வீட்டில் நடப்பது அறிவின் கணக்கில் வராது என்பது மற்றொன்று. இரண்டாவது பாடத்திற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் மறப்பதேயில்லை. பாடநூல்கள் அறிவியலின் வரலாற்றை அழித்து எழுதி, இன்றைய விடையை நோக்கி எல்லாம் நேர்கோட்டில் வந்ததாகக் காட்டுகின்றன என்று தாமஸ் கூன் 1962இல் சொன்னார். அவர் பார்த்தது அறிவியல் சமூகத்திற்குள் நடக்கும் அழிப்பை. நம் வகுப்பறையில் ரப்பர் இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது.

*

இந்த இடத்தில் நம்முடைய ஆட்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சிறுபத்திரிகை உலகில் தொண்ணூறுகளில் இரண்டு குரல்கள் இருந்தன, இன்றும் வேறு பெயர்களில் இருக்கின்றன. ஒன்று, அறிவியல் என்பது மூடநம்பிக்கையை வெட்டும் கத்தி, அதை எல்லாப் பிள்ளைகள் கையிலும் கொடுத்தால் போதும் என்கிற பகுத்தறிவு - இடதுசாரிக் குரல். மற்றது, அறிவியலே மேற்கத்திய வன்முறை, பெருங்கதையாடல், சூனியக்காரியின் மந்திரத்துக்கும் அதற்கும் அந்தஸ்தில் வேறுபாடு இல்லை என்று ஃபாயர்பாந்தை மேற்கோள் காட்டிய குரல். கல்லூரிக் காலத்தில் பழைய இதழ்களைத் தேடிப் படித்தபோது இந்த இரண்டாவது குரலில் நான் சொக்கிப்போனேன். 10.8 போட்டவனுக்கு அது ஆறுதலாக இல்லாமல் என்ன செய்யும்.

ஆனால் 2014 அக்டோபரில் மும்பையில் ஒரு மருத்துவமனை விழாவில் பிரதமர் பிள்ளையாருடைய தலையைப் பண்டைய பிளாஸ்டிக் சர்ஜரிக்குச் சான்றாகப் பேசியதைக் கேட்ட பிறகு அந்தச் சொக்கல் தெளிந்துவிட்டது. 'எல்லாமே கதையாடல்தான்' என்பதை அதிகாரத்தில் இருப்பவன் எடுத்துக்கொண்டால் அவனுடைய கதையாடல்தான் பாடநூலாகும். 2023இல் மத்திய வாரியத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்றிருந்த அத்தியாயம் வெறும் 'பாரம்பரியம்' ஆனது. தனிமங்களின் அட்டவணையும் அந்த வகுப்பிலிருந்து போயிற்று. கொரோனாவுக்குப் பிறகு பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டுக் கண்டித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறதே என்று பதில் வந்தது. அறிவியலை உயிரியலோடு தொடர்ந்து படிக்கிற சிலருக்குத்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பரிணாமம். பத்தோடு போகிறவனுக்கும் வணிகவியலுக்குப் போகிறவளுக்கும் இல்லை.

சரி, நம்முடைய மாநிலப் பாடநூலில் பரிணாமம் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. பெருமைதான். ஆனால் அது எப்படி இருக்கிறது? எங்களுக்கு நடத்தப்பட்டது: லாமார்க், டார்வின், வேறுபடுத்துக, ஐந்து மதிப்பெண். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து இரண்டு தடவை நீண்டது, முதல் தடவை எட்டி எட்டி, இரண்டாம் தடவை தேர்வாகி. நடத்தி முடித்த பிறகு ஆசிரியை சொன்னார், "இது பரீட்சைக்குப்பா. நம்பணும்னு கட்டாயம் இல்ல." நாங்களும் அப்படியே எழுதினோம். டெல்லியில் பக்கத்தைக் கிழிக்கிறார்கள். நாம் கிழிக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி வைத்திருக்கிறோம்.

*

அரசின் பக்கம் திரும்பினால் ஒரு வேடிக்கை கண்ணில் படுகிறது. இந்தியாவில் கல்விக்கு வழி சொல்ல வேண்டுமென்றால் ஓர் இயற்பியலாளரைப் பிடிக்கிறார்கள். 1964-66 கல்விக் குழுவுக்குக் கோத்தாரி. புத்தகச் சுமை பற்றி 1993இல் அறிக்கை கொடுத்த குழுவுக்கும் 2005 கலைத்திட்டச் சட்டகத்துக்கும் யஷ்பால். 2020 கொள்கையின் வரைவுக்கு விண்வெளித் துறையின் கஸ்தூரிரங்கன். தமிழ்நாட்டில் 2022இல் மாநிலக் கொள்கைக்குக் குழு அமைத்தபோது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தலைவராக்கினார்கள் என்பது ஒரு மாறுதல். ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஒருத்தி தலைமையில் தேசியக் குழு அமையும் நாளை நான் பார்ப்பேன் என்று தோன்றவில்லை. கோத்தாரி குழுதான் பத்து வருடப் பொதுக் கல்வியில் எல்லோருக்கும் அறிவியல் கட்டாயம் என்றது. விவசாயமும் தொழிலும் பெருக வேண்டும், அதற்கு அறிவியல் என்பது அதன் தர்க்கம். யஷ்பால் குழு வேறு தொனியில், சுமை புத்தகத்தின் எடை அல்ல, புரியாமைதான் சுமை என்றது. எல்லோரும் பாராட்டினார்கள். பைகள் அப்படியே இருந்தன.

இன்னொன்று. அறிவியல் மனப்பான்மையையும் தேடல் உணர்வையும் வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தில் 51ஏ பிரிவு சேர்க்கப்பட்டது 1976இல். நெருக்கடி நிலை அமலில் இருந்தது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை, கேள்வி கேட்டவர்கள் சிறையில். கேள்வி கேட்பது உன் கடமை என்று அந்த வருடம்தான் எழுதி வைத்தார்கள். அரசுக்கு அது எந்தக் கடமையையும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

*

அரசு தேடல் உணர்வை எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு நம்மிடம் ஒரு நல்ல பரிசோதனை இருக்கிறது. முப்பது வருடம் நடந்த பரிசோதனை. தமிழில் இதுபற்றிப் போதுமான அளவு பேசப்படவில்லை என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் (இப்போது நர்மதாபுரம் என்று பெயர்) பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் இது தொடங்கியது. தொடங்கியவை கிஷோர் பாரதி என்ற அமைப்பும் ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையமும். கிஷோர் பாரதியின் அனில் சத்கோபால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேலையை விட்டு வந்தவர். அந்த நிறுவனத்தையும் டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த பலர் உடன் வந்தார்கள். எல்லாம் அரசுப் பள்ளிகள், இந்தி மீடியம், அரசு ஆசிரியர்கள், ஆறு முதல் எட்டாம் வகுப்பு. 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அரசு இதை விரித்தது. 1982இல் இதைத் தொடர்ந்து நடத்த ஏகலவ்யா உருவானது. (பெயரைக் கவனியுங்கள். கட்டைவிரல் ஞாபகத்தோடு வைத்த பெயர்.)

என்ன செய்தார்கள்? 'பால வைஞானிக்' என்று ஒரு புத்தகம். அதில் விடை கிடையாது. செய்து பார், எழுது, பக்கத்தில் இருப்பவனோடு பேசு என்று கேள்விகள் மட்டும். நான்கு நான்கு பிள்ளைகளாகக் குழு. இலைகளைப் பறித்து வந்து அவர்களே பிரிக்க வேண்டும், எதை வைத்துப் பிரித்தாய் என்று சொல்ல வேண்டும். பயிரில் விழுகிற பூச்சி, மண், காற்று, பகடை உருட்டி நிகழ்தகவு. பகட்டான ஆய்வகம் இல்லை, ஒரு பெட்டிக்குள் அடங்குகிற சாமான்கள். 1978இல் அங்கே வந்து சேர்ந்த அரவிந்த் குப்தா என்ற பொறியாளர் தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூப் துண்டையும் வைத்து வடிவங்கள் கட்டிக் காட்டியது அந்த நாட்களில்தான்.

எனக்கு முக்கியமாகப் படுவது சாமான்கள் அல்ல. இரண்டு விஷயங்கள். ஒன்று, ஆசிரியர்கள். கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் பயிற்சி, மூன்று வருடம் தொடர்ந்து. அங்கே அவர்களும் பிள்ளைகள் செய்யும் சோதனைகளையே செய்தார்கள், தப்பு விட்டார்கள், பேராசிரியர்களோடு வாதாடினார்கள். மாதாமாதம் கூடி வகுப்பில் எது ஓடியது எது ஓடவில்லை என்று பேசியதை வைத்துப் புத்தகம் திருத்தி எழுதப்பட்டது. பாடநூலை எழுதுபவர் வேறு, ஒப்பிப்பவர் வேறு என்கிற சாதிப் பிரிவினையில் ஒரு கீறல் விழுந்தது. தமிழ்நாட்டில் 2007இல் செயல்வழிக் கற்றல் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தபோது அட்டைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் வந்தது உத்தரவாக. உத்தரவாக வந்தது அடுத்த உத்தரவில் மெல்லப் போனது.

இரண்டாவது, தேர்வு. ஹோஷங்காபாத்தில் எட்டாம் வகுப்புப் பொதுத் தேர்வையே மாற்ற அனுமதி வாங்கினார்கள். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்து காட்டும் தேர்வும் உண்டு. விடை புத்தகத்தில் இல்லாதபோது புத்தகத்தை மூடச் சொல்லி என்ன பயன்? கற்பிப்பதைப் பற்றி எவ்வளவு அழகாகக் கொள்கை எழுதினாலும், தேர்வைத் தொடாமல் விட்டால் அது வாழ்த்துப்பாதான் என்பதை அவர்கள் முதலிலேயே புரிந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கேள்வி எழுதிப் போட 'சவாலீராம்' என்று ஒரு கற்பனை ஆள் இருந்தார். கடிதம் போட்டால் பதில் வரும்.

2002 ஜூலையில் மாநில அரசு இதை மூடியது. அப்போது பதினைந்து மாவட்டங்களில் சுமார் ஆயிரம் பள்ளிகள், ஒரு லட்சம் பிள்ளைகள். மூடியது இந்துத்துவ அரசு இல்லை, காங்கிரஸ் அரசு. அறிவியல் மனப்பான்மை பற்றி அழகாகப் பேசத் தெரிந்த அரசு. இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ஏகலவ்யா புள்ளிவிவரத்தோடு மறுத்தது. மற்றொரு வாதம், மாநிலம் முழுக்க ஒரே பாடம் இருக்க வேண்டும்.

இதைத் தியாகிகள் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பெற்றோர் பயத்தை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். நகரத்துப் பிள்ளை மனப்பாடம் செய்து டாக்டராகிறது, என் பிள்ளை மட்டும் இலை பொறுக்கிக்கொண்டிருக்க வேண்டுமா என்று ஒரு தகப்பன் கேட்டால், அவரைப் பிற்போக்கு என்று நான் சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்பு வரை யோசிக்கச் சொல்லிவிட்டு, ஒன்பதில் கொண்டுபோய் பழைய எந்திரத்துக்குள் போட்டால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த வலியைப் பார்த்து அரசு எந்திரத்தை மாற்றவில்லை, யோசிப்பதை நிறுத்தியது.

அந்த 'ஒரே பாடம்' என்ற வாதம் எனக்குத் தொந்தரவு தருகிறது. ஏனென்றால் இங்கே நாம் கேட்டதும் அதைத்தானே? மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலாகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்க 2010இல் சட்டம் வந்தது. 2011இல் புதிய அரசு நிறுத்தப் பார்த்து, ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, சில பக்கங்களின் மேல் தாள் ஒட்டி மறைத்துப் புத்தகம் கொடுத்தார்கள். நாங்களெல்லாம் சமச்சீர்க் கல்விக்காகக் கூட்டம் போட்டோம், கோஷம் போட்டோம். அது சரியான கோஷம்தான். ஆனால் நாம் கேட்டது ஒரே வாய்ப்பையா ஒரே புத்தகத்தையா என்று தெளிவாகப் பிரித்துக்கொள்ளவில்லை. புத்தகம் ஒன்றானது. ஆய்வகம் ஒன்றாகவில்லை. பிறகு 2017இல் அதே 'ஒரே' வேறு முகத்தோடு, நீட் என்ற பெயரில் நம்மேலேயே வந்து விழுந்தது. நீட்டில் செய்முறையே இல்லை. நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்குவதுதான். மருத்துவ இடத்துக்குப் பிளஸ் டூ செய்முறை மதிப்பெண் கணக்கிலேயே வராதபோது எந்தப் பள்ளி ஆய்வகத்தைத் திறக்கும்? முன்பு ஒரு இருமலாவது இருந்தது.

நீட்டை எதிர்க்கிற தோழர்கள் கோபப்பட வேண்டாம். நானும் எதிர்க்கிறவன்தான். பயிற்சி நிலையத்துக்குக் காசு கட்ட முடியாத பிள்ளை வெளியே நிற்பது அநியாயம், அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் அதற்குப் பதிலாக நாம் தூக்கிப் பிடிக்கிற பிளஸ் டூ மதிப்பெண் எதை அளந்தது என்று நம் கூட்டங்களில் ஒருவரும் கேட்பதில்லை. பிராய்லர் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பிளஸ் டூ புத்தகத்தை ஊட்டிய காலத்தில் அந்த மதிப்பெண் யாருக்கு வேலை செய்தது?

*

போன வருடம் ராத்திரி வகுப்பில் ஒருநாள் கரண்ட் போய்விட்டது. பிள்ளைகளைச் சும்மா உட்காரவைக்க முடியாமல், மூன்று குழுவாகப் பிரித்து, சணலில் கல்லைக் கட்டி ஆடவிடச் சொன்னேன். கல் பெரிதானால் மெதுவாக ஆடுமா வேகமாக ஆடுமா என்பதுதான் கேள்வி. மூன்று குழுவுக்கும் ஒரே நீளம், ஒரு மீட்டர். இருபது ஆட்டத்துக்குச் செல்போனில் நேரம். இரண்டு குழுவுக்கு நாற்பது விநாடி வந்தது. ஒரு குழுவுக்கு முப்பத்தெட்டு. மறுபடி செய்தார்கள், மறுபடியும் முப்பத்தெட்டு. கல்லை மாற்றிக் கட்டினார்கள். முப்பத்தெட்டு. நூலை அளந்தார்கள். செல்போனை மாற்றினார்கள். சத்தம் பெரிதாகிவிட்டது. "டேய், உனக்கு எண்ணத் தெரியல." "போடி, உனக்குத்தான் தெரியல."

மண்டிக்காரர் மகள்தான் கண்டுபிடித்தாள். அந்தக் குழுவில் எண்ணிய பையன் கல்லைக் கையிலிருந்து விடும்போதே 'ஒண்ணு' என்று ஆரம்பித்தான். "விடறப்ப அது இன்னும் ஆடவே இல்லையேடா. சுழின்னு சொல்லி ஆரம்பிக்கணும்." பையன் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணுவது ஒன்றிலிருந்துதானே தொடங்கும் என்றான். அவள் விரலை மடக்கிக் காட்டினாள். மறுபடி ஆடவிட்டார்கள். நாற்பது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடியது பத்தொன்பது, இருபது என்று எழுதினால், எந்த நீளத்துக்கும் விடை ஒரே விகிதத்தில் கூடும். இருபதைப் பத்தொன்பதால் வகுத்து, வர்க்கம் எடுத்து, நம்மூர் ஈர்ப்பு 9.78ஆல் பெருக்கினேன். 10.8 வந்தது. அந்த ரெகார்டு நோட்டைத் தேடினேன். அம்மா அதைப் பழைய பேப்பருக்குப் போட்டு எத்தனையோ வருடமாகிவிட்டது. போட்டிருந்தாலும் அதில் இருந்தது 9.76ம் 9.83ம்தானே.